குட்டைச் சேறும் பன்னிரண்டு அரை பேரலும்

தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் எங்கள் நிலத்தின் கீழ்க்கோடியில் 20 சென்ட் அளவுக்கு ஒரு குட்டை இருக்கிறது. மேலே எங்கள் மாந்தோப்பு, பக்கத்துக் காட்டுத் தக்காளி, ராகிக் கொல்லை என்று எல்லாவற்றிலும் விழும் மழைத்தண்ணீர் வழிந்து அங்கேதான் வந்து சேரும். 2022 சித்திரையில் அதை ஜேசிபி விட்டு ஆழப்படுத்தினேன். அதில் நடந்த தவறையும், அதைச் சரிசெய்ய எடுத்த மூன்று வருட வேலையையும் இங்கே எழுதி வைக்கிறேன். பண்ணைக்குட்டை வெட்டப் போகிறவர்கள், ஏரியில் வண்டல் எடுக்கிறவர்கள் யாராவது ஒருவருக்காவது உதவும்.

முதலில் பழைய குட்டை எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். நடுவில் நாலடி ஆழம்தான். கரை சரிவாக, மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கும்படி இருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் நிரம்பினால் நடுவில் அல்லியும் கொட்டிக்கிழங்கும் இலை விரிக்கும். தை மாதம் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, ஈரம் விட்ட வளையத்தில் கோரையும் நீர்முள்ளியும் ஆராக்கீரையும் எழும்பும். பங்குனியில் காய்ந்த சேற்றில் கரிசலாங்கண்ணி நிற்கும். அம்மா வாரம் ஒருமுறை முறத்தோடு போய்ப் பொன்னாங்கண்ணி கிள்ளி வருவார். இதை யாரும் நட்டதில்லை, யாரும் கவனித்ததுமில்லை.

பண்ணைக்குட்டை பற்றி ஆலோசனை சொல்லும் ஒருவர், கரையைச் செங்குத்தாக வெட்டினால் அதே இடத்தில் தண்ணீர் அதிகம் நிற்கும், ஆவியாவதும் குறையும் என்றார். கணக்கு சரிதான். பத்தடிக்கு வெட்டினோம். மேலே இருந்த கறுப்பு வண்டலை வழித்து மாமரப் பாத்திகளில் கொட்டினோம். மிச்சம் மூன்று டிராக்டர் லோடு கரையோரம் குவியலாகக் கிடந்தது. அடியில் சிவப்புச் சரளையும் சுக்காங்கல்லும் தெரிந்ததும் வேலையை நிறுத்தினோம்.

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. குட்டை நிரம்பியது, தண்ணீர் மாசி தாண்டியும் நின்றது. ஆனால் அது கடைசிவரை செங்கல் கரைத்த நிறத்திலேயே இருந்தது. ஒரு இலைகூட மேலே வரவில்லை. வேர்ப்பிடிப்பு இல்லாததால் கரை துண்டு துண்டாகச் சரிந்து உள்ளே விழுந்தது. ஒரே மழைக்காலத்தில் மேற்குக் கரை இரண்டடி தின்னப்பட்டுவிட்டது. செடி போன வருத்தத்தைவிட இந்தக் கரை சரிவுதான் என்னை முதலில் வேலைக்கு இழுத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

விடை எங்கே இருக்கிறது என்று காட்டியவர் அம்மா. புரட்டாசி கடைசியில் மாந்தோப்புக்குள் நின்று கூப்பிட்டார். "ஏம்ப்பா, குட்டையில இருந்ததெல்லாம் இங்க குடி வந்துடுச்சு பாரு." போய்ப் பார்த்தேன். வண்டல் கொட்டிய மரப்பாத்திகளில், சொட்டுநீர்க் குழாய் கசிகிற இடமாகப் பார்த்து, ஆராக்கீரை நாலு இலை விரித்துப் படர்ந்திருந்தது. பக்கத்தில் சிவந்த தண்டோடு நீர்மேல் நெருப்பு என்கிற செடி. இரண்டு மூன்று வகைக் கோரை. வண்டல் போடாத பாத்திகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. குட்டையின் செடிகளை நான் அழிக்கவில்லை, டிராக்டரில் ஏற்றித் தோப்புக்கு அனுப்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

சேற்றில் எவ்வளவு விதை இருக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. சார்லஸ் டார்வின் ஒரு சின்னக் குட்டையின் ஓரத்தில் மூன்று இடங்களிலிருந்து மூன்று பெரிய கரண்டி சேறு எடுத்து, தன் அறையில் ஆறு மாதம் மூடி வைத்து, முளைத்த ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537 செடிகள். அந்தச் சேறு முழுவதும் ஒரு கோப்பைக்குள் அடங்கிவிட்டதாம். என் கரையில் மூன்று லோடு கிடந்தது.

உடனே அதை அள்ளிக் குட்டையில் கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை. பத்தடி நீரில் போட்டால் என்ன முளைக்கும், ஈரத்தில் போட்டால் என்ன முளைக்கும் என்று தெரியாமல் இன்னொரு முறை தவறு செய்ய மனம் வரவில்லை. கோடை வரட்டும், அதற்குள் சின்ன அளவில் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

2023 தை: பேரல் வேலை

பழைய இரும்புக் கடையில் ஆறு நீலப் பிளாஸ்டிக் பேரல் வாங்கினேன். 200 லிட்டர் பேரலை நடுவில் அறுத்தால் இரண்டு தொட்டி. பன்னிரண்டும் தயார். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். பூச்சிமருந்து, அமிலம் இருந்தது என்றால் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

எல்லாத் தொட்டியிலும் 15 செ.மீ. ஆற்றுமணல், நன்றாக அலசியது. ஒன்பது தொட்டியில் மணல் மேல் 2 செ.மீ. கனத்துக்குக் குட்டை வண்டல். தொட்டியில் அதற்கு மேல் போடக்கூடாது. ஈரநிலச் செடிகளின் விதை பெரும்பாலும் கடுகை விடப் பல மடங்கு சிறியது. அதற்குள் சேமித்த சத்து, மண்ணைத் துளைத்து வெளியே வரும் அளவுக்குப் போதாது. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் வகைகளும் நிறைய. மீதி மூன்று தொட்டியில் வெறும் மணல் மட்டும். காற்றிலும் தண்ணீரிலும் வந்து சேருகிற விதை எவ்வளவு என்று தெரிய அது வேண்டும். அந்த மூன்றையும் வைக்காமல் விட்டிருந்தால் ஒரு முக்கியமான விஷயம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இன்னொன்று. குவியலின் மேல் அரையடியை வழித்து ஒதுக்கிவிட்டு, உள்ளிருந்துதான் வண்டல் எடுத்தேன். எட்டு மாதம் வெளியே கிடந்ததில் மேலே முழுக்கப் பார்த்தீனியம் விதைத்திருந்தது.

தண்ணீர் மூன்று விதம். ஒரு வரிசையில் அடியில் துளை போட்டு, ஈரம் காயாமல் பூவாளியில் தெளிப்பு. அடுத்த வரிசையில் சேற்று மட்டத்துக்குச் சரியாகத் துளை, எப்போதும் சொதசொதவென்று இருக்கும். கடைசி வரிசையில் சேற்றுக்கு மேல் 12 செ.மீ. தண்ணீர். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று வண்டல் தொட்டி, ஒரு மணல் தொட்டி. கோழி கிளறாமல் இருக்க நைலான் வலை.

பத்து வாரம், ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணினேன். ஈர வரிசையில் ஐந்தாம் நாளே பச்சை தெரிந்தது. கரிசலாங்கண்ணி, நீர்மேல் நெருப்பு, காட்டுக் குதிரைவாலி, நூல் போன்ற சின்னக் கோரைகள், கொஞ்சம் பொடுதலை. சொதசொத வரிசையில் முளைப்பு தாமதம், ஆனால் வந்தவை வேறு ஆட்கள்: ஆராக்கீரை, நீர்முள்ளி, பருத்த கோரை இரண்டு வகை, பொன்னாங்கண்ணி, நீர்ப்பிரமி. ஆழ வரிசையில் மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. பிறகு கேரா என்கிற பாசி வந்தது. கையில் நசுக்கினால் பூண்டு வாடை அடிக்கும், தண்டு மொறமொறவென்று ஒடியும். ஒரு தொட்டியில் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிழங்குத் துண்டு ஒன்றிலிருந்து கொட்டி இலை விட்டது. வேறெதுவும் இல்லை.

ஒரே குவியல், ஒரே நாளில் அள்ளிய வண்டல், கலக்கிப் பிரித்தது. ஆழத் தொட்டியின் சேற்றில் மற்ற விதைகள் அழுகிப் போயிருக்கும் என்று நினைத்தேன். பதினோராவது வாரம் ஆழத் தொட்டிகளில் ஒன்றை வடித்துவிட்டேன். சேறு வெயில் பார்த்து, மேலே மெல்லிய தோல் மாதிரி காய்ந்து, ஓரத்தில் விரிசல் விட்டது. பன்னிரண்டாம் நாள் காலை குனிந்து பார்த்தபோது விரிசலின் இரண்டு உதட்டிலும் ஊசி முனை ஊசி முனையாகக் கோரை. நடுவில் சிவப்புப் புள்ளி மாதிரி நீர்மேல் நெருப்பின் முதல் இரண்டு இலைகள். உள்ளங்கை அளவு இடத்தில் 40 வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அழுகவே இல்லை. எல்லாம் அங்கேயே, தண்ணீர் இறங்கும் வரை சும்மா காத்துக் கிடந்திருக்கின்றன.

விதைக்குத் தண்ணீர் இறங்கியது எப்படித் தெரியும்? வெளிச்சமும் காற்றும் ஒரு காரணம். இன்னொன்று பகலுக்கும் இரவுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம். கடைத்தெருவில் வாங்கிய தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். மொட்டைச் சேற்றின் மேல்பரப்பு மதியம் 41 டிகிரி, விடியற்காலை 21. தண்ணீருக்கு அடியில் அதே நாளில் 31, 25. தண்ணீர் ஒரு போர்வை. போர்வை விலகினால் சூடும் குளிரும் மாறி மாறி அடிக்கும், பல ஈரநில விதைகளுக்கு அதுதான் எழுப்பும் மணி.

இதை மாற்றியும் செய்தேன். ஈரத் தொட்டி ஒன்றின் துளையை அடைத்துத் தண்ணீர் ஏற்றினேன். கரிசலாங்கண்ணி பத்து நாளில் கறுத்துச் சாய்ந்தது. ஒரு மூலையில் தப்பிப் பிறந்த ஒற்றை ஆராக்கீரை மட்டும் காம்பை நீட்டிக்கொண்டே போய், நாலு இலையையும் தண்ணீர் மேல் வட்டமாக மிதக்கவிட்டுவிட்டது. தரையில் விரல் நீளம் இருக்கும் காம்பு, இங்கே சாண் நீளம். அதன் அடியில் கறுப்பாக, பயறு மாதிரி ஒரு முடிச்சு இருக்கும். அது விதை இல்லை, ஸ்போர் என்கிற, பூக்காத செடிகளின் வித்துத் தூளை வைத்திருக்கும் பெட்டி. ஓடு அவ்வளவு கெட்டி, பல வருட வறட்சியைத் தாண்டும்.

வணிகக் கல்லூரி முடித்துவிட்டு விவசாயத்துக்கு வந்தவன் நான். அதனால் இதையெல்லாம் ஏற்கெனவே யாராவது ஒழுங்காகச் செய்திருப்பார்களா என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் அயோவாவில் இருந்த ஈரநில ஆய்வாளர் அர்னால்ட் வான் டெர் வால்க் 1981-ல் இதற்கு ஒரு நல்ல உருவகம் கொடுத்திருக்கிறார்: சல்லடை. குட்டையின் நீர்நிலை ஒரு சல்லடை. சேற்றில் உள்ளதிலும் வெளியிலிருந்து வருவதிலும் அந்த நேரத்துத் துளைக்குப் பொருந்துவது மட்டும் உள்ளே விழும். தண்ணீர் ஏறினால் சல்லடை மாறும், ஆட்களும் மாறுவார்கள். ஒரு செடியைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்தால் போதும் என்கிறார். அது எத்தனை காலம் உயிர் வாழும், அதன் விதை சேற்றில் நீண்ட காலம் தாங்குமா, முளைக்கத் தண்ணீர் வடிந்திருக்க வேண்டுமா. என் பேரல் கணக்கை அந்த மூன்று கேள்வியில் போட்டுப் பார்த்தேன், பொருந்தியது. கனடாவில் பால் கெடியும் எவன் வெய்ஹரும் 20 வகைச் செடிகளின் விதையை 120 தொட்டிகளில் ஒரே கலவையாகப் போட்டு, 24 விதச் சூழலில் ஐந்து வருடம் வளர்த்து, 1995-ல் எழுதியிருக்கிறார்கள். ஒரே கலவைதான், ஆனால் தண்ணீரும் மண்சத்தும் எப்படியோ அப்படியே கூட்டம் பிரிந்து நின்றிருக்கிறது.

இப்போது மணல் தொட்டிகளுக்கு வருகிறேன். ஈர வரிசையிலும் ஆழ வரிசையிலும் இருந்த மணலில் சொல்லும்படி எதுவும் இல்லை. சொதசொத வரிசையின் மணல் தொட்டியில் ஒன்பதாவது வாரம் புல் மாதிரி ஏழு முளை. வளர்ந்ததும் தெரிந்தது, சம்பு. சிலர் ஆனைக்கோரை என்பார்கள். எங்கள் குட்டையில் சம்பு இருந்ததே இல்லை. அதன் கதிர் ஒன்றில் லட்சத்துக்கும் மேல் விதை இருக்கும், பஞ்சோடு பறக்கும். சொதசொதவென்று காலியாகக் கிடக்கும் சேறு எங்கே இருக்கிறதோ அங்கே இறங்கிவிடும். வண்டல் போட்ட சொதசொதத் தொட்டிகளிலும் சம்பு விதை விழுந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே கோரை முன்னாலேயே இடம் பிடித்துவிட்டதால் ஒரே ஒரு தொட்டியில் இரண்டு முளைதான் பிழைத்தது. முதலில் வந்தவர் யார் என்பதும் ஒரு சல்லடைதான் என்று இதிலிருந்து புரிந்துகொண்டேன்.

2023 வைகாசி: குட்டையைத் திருத்தியது

மூன்று மணி நேர ஜேசிபி வேலை. கிழக்கு, தெற்கு, வடக்குக் கரைகளைத் தொடவில்லை. ஆழமும் அப்படியே இருக்கட்டும், பாசனத்துக்குத் தண்ணீர் வேண்டும். சரிந்துகொண்டிருந்த மேற்குக் கரையை மட்டும் ஓரடி இறங்க ஏழடி நீளம் என்கிற கணக்கில் சாய்த்தோம். அதில் இரண்டு தட்டு. நிரம்பினால் ஓரடித் தண்ணீர் நிற்கும் தட்டு ஒன்று, இரண்டரை அடி நிற்கும் தட்டு ஒன்று. ஓட்டுநர் தம்பி பழக்கத்தில் பக்கெட்டால் தட்டித் தட்டிச் சமன் செய்தார். அதை நிறுத்தச் சொல்லி, தட்டிய இடத்தையெல்லாம் கடப்பாரையால் குத்திப் பிளந்தோம். சரளை இறுகிவிட்டால் வேர் இறங்காது, மேலே போடும் வண்டல் முதல் மழையிலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும்.

கரையில் மிச்சமிருந்த வண்டலை இரும்புச் சட்டியில் சுமந்து, சாய்வு முழுக்க இரண்டு அங்குலம் பரப்பினோம். நானும் இரண்டு அக்காக்களும் நாலு நாள். காய்ந்த கட்டியை உடைத்துப் போடுவதுதான் நேரம் தின்றது. மேலே கொஞ்சம் ராகி வைக்கோல் உதறிவிட்டேன், அடைமழையில் விதை அடித்துப் போகாமல் இருக்க.

அடுத்து மடை. வழிந்தோடும் பக்கத்தில் நாலு அங்குல பிவிசி பைப் ஒன்றைக் கரைக்குள் பதித்து, சுற்றிலும் களிமண் இடித்து அடைத்தேன். வெளி முனையில் ஒரு எல்போ, அதில் மூன்றடி நிமிர்ந்த குழாய். எல்போவைப் பசை போட்டு ஒட்டவில்லை, கிரீஸ் தடவிச் சொருகி மட்டும் வைத்திருக்கிறேன். நிமிர்ந்த குழாயைச் சாய்த்தால் அது எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்துக்குத் தண்ணீர் வடிந்துவிடும். நட்டதை விட, பரப்பியதை விட, இந்தச் சின்னக் குழாய்தான் இந்த மொத்த வேலையிலும் பெரியது என்று நினைக்கிறேன். சல்லடையின் கைப்பிடி அது.

ஆடியில் முதல் மழை. தண்ணீர் கீழ்த்தட்டுக்கு ஏறாமல் ஐந்து வாரம் குழாயைச் சாய்த்தே வைத்தேன். பாசனத் தண்ணீரை வீணாக்குகிறாய் என்று பக்கத்து நிலத்து மாமா கோபித்துக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு, அந்த வருடம் மழை எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஐந்து வாரத்தில் மேற்குச் சாய்வு முழுக்கப் பச்சையாகிவிட்டது. அப்புறம் வாரம் ஒரு நாலு விரல்கடை வீதம் மட்டத்தை ஏற்றினேன். செடி வளர்ந்து தலை நீட்டும் வேகத்தை விடத் தண்ணீர் வேகமாக ஏறக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. ஐப்பசியில் கோரை இடுப்பளவு நின்றது. சரிவு நின்றுவிட்டது. அலை அடிக்கும் இடத்தில் கோரை வேர் பாய் பின்னியது போல மண்ணைப் பிடித்திருந்தது.

அல்லி மட்டும் தானாக வரவில்லை. வண்டலில் அதன் கிழங்கு இல்லாமல் போயிருக்கலாம், வழித்து எடுக்கும்போது நசுங்கியிருக்கலாம். பக்கத்து ஊர் ஏரியில் மீன் குத்தகைக்காரரிடம் கேட்டு ஐந்து கிழங்கு வாங்கி வந்து, சாக்கில் மண்ணோடு கட்டிக் கீழ்த்தட்டில் இறக்கினேன். மூன்று பிழைத்தன. எது சேற்றிலிருந்து வராது என்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு நடுவது நல்லது. எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கி நட்டிருந்தால் பணமும் போயிருக்கும், எது எங்கே பொருந்தும் என்பதும் தெரிந்திருக்காது.

சம்பு

2024-ல் தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கால் முனையில் சம்பு கூட்டம் போட்டது. குட்டையின் மற்ற பக்கம் அங்கொன்று இங்கொன்று, அந்த முனையில் மட்டும் ஆள் உயரத்துக்கு அடர்த்தி. மேலே தக்காளிக்குப் போடும் டிஏபியும் யூரியாவும் கரைந்து வந்து முதலில் படிவது அங்கேதான். சத்து அதிகமானால் வேகமாக உயரும் ஓரிரு செடி மற்றவற்றுக்கு வெயிலே கிடைக்காமல் செய்துவிடும். சின்னச் சின்ன வகைகள் எல்லாம் சத்துக் குறைந்த ஓரங்களில்தான் தங்கும். கெடி பல ஈரநிலங்களில் கண்டு எழுதியதும் இதையேதான்.

வெட்டினால் துளிர்த்தது. பிறகு வெட்டும் விதத்தை மாற்றினேன். சம்புக்கு அடிக்கிழங்கு சேற்றுக்குள் மூச்சு வாங்குவது இலையிலும் காய்ந்த தண்டிலும் உள்ள காற்றுக் குழாய் வழியாகத்தான். தண்ணீர் நிற்கும்போது, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, காய்ந்த தண்டையும் சேர்த்து அறுத்துவிட்டால் குழாயில் தண்ணீர் புகுந்து கிழங்கு மூச்சடைத்துப் போகும். கதிர் வரும் சமயத்தில் ஒருமுறை, துளிர்த்தது தண்ணீர் மேலே எட்டும் முன் இன்னொருமுறை. முக்கால்வாசி போய்விட்டது. வாய்க்கால் வாயில் ஒரு குழி எடுத்து, அதற்கு மேல் இரண்டு வரிசை வெட்டிவேர் நட்டிருக்கிறேன். வரும் மண்ணும் உரமும் கொஞ்சமாவது அங்கே தங்கட்டும். முழுக்க ஒழிக்கும் எண்ணம் இல்லை. அந்த முனையில் சம்பங்கோழி கூடு வைத்திருக்கிறது.

அந்த வருடக் கோடையில் குட்டை அடியோடு வற்றியது. பழைய நானாக இருந்தால் கவலைப்பட்டிருப்பேன். நடுப்பள்ளம் வரை சேறு வெடித்துக் கிடந்தபோது, இரண்டு வருடமாகச் செடியே பார்க்காத அந்தச் சரளை மேலும் மெல்லிய வண்டல் படிந்து, நீர்மேல் நெருப்பு சிவப்புக் கம்பளம் விரித்தது. மேற்குச் சாய்விலிருந்து தண்ணீர் கொண்டுபோய்ப் போட்ட விதை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஏரி உடைந்த ஊர்கள் உண்டு. எங்கள் குட்டை கரை வழிந்து ஓடியது. கிழக்குக் கரையில் ஓர் இடம் பிய்த்துக்கொண்டு போனது. மேற்குச் சாய்வு அப்படியே நின்றது. மேல்தட்டில் வழக்கத்தை விட அதிகத் தண்ணீர் ஒரு மாதத்துக்கும் மேல் நின்றதில் சின்னக் கோரை எல்லாம் மூழ்கிச் செத்தது. கேரா பரவியிருந்ததால் தண்ணீர் தை மாதமே தெளிந்துவிட்டது, அல்லி ஐம்பது அறுபது இலை விட்டது. ஒரு வருடம் கோரைக் குட்டை, அடுத்த வருடம் அல்லிக் குட்டை. சேறு அதே சேறு.

இப்போது வருடா வருடம் மாசியில் நான் செய்வது ஒரே வேலை. குழாயைச் சாய்த்து மேல்தட்டை ஆறு வாரம் காய விடுவேன். கிழக்குக் கரையை இந்தக் கோடையில் சாய்க்க வேண்டும், வண்டல் இனி மேற்குத் தட்டிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்.

பேரல்களில் பத்தைக் காலி செய்து மாங்கன்றுக்கு வைத்துவிட்டேன். ஆழ வரிசையில் இரண்டை மட்டும் இன்னும் கிணற்றடி வேப்பமரத்துக்குப் பக்கத்தில், 2023 தையில் ஊற்றிய மட்டத்திலேயே, ஒருநாளும் வற்றவிடாமல் வைத்திருக்கிறேன். ஒன்றை 2028 மாசியில் வடிப்பதாக இருக்கிறேன், இன்னொன்றை 2033-ல். தண்ணீர் குறைந்தால் அம்மா ஒரு செம்பு ஊற்றிவிட்டுப் போகிறார்.